முதல் இருநூறு மீட்டர்

என் ஓரகத்திக்கு வெட்கம் கிடையாது. உடுத்துவதிலும் பேசுவதிலும் இருக்க வேண்டிய வெட்கமெல்லாம் அவளுக்கு நிறையவே உண்டு. அதில் குறை கண்டுபிடிக்க நான் முயன்றும் பார்த்திருக்கிறேன், கிடைக்கவில்லை. அவளிடம் இல்லாதது வேறு. தனக்கு ஒன்று தெரியாது என்பதை நாலு பேர் முன்னால் சொல்ல அவளுக்குக் கூசவே கூசாது. "இது எனக்கு வரலக்கா" என்பாள், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற அதே குரலில்.

கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள். மாமனாரும் அவருடைய சிநேகிதர்கள் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். ரசம் ஒரே புளிப்பு. "யாரும்மா வெச்சது?" என்று மாமா கேட்டார். புது மருமகள் யாராக இருந்தாலும் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் அப்படித்தான் நின்றேன். இவள் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"நான்தான் மாமா. செந்துறைல எங்கம்மா என்னைய அடுப்படிக்கே விட்டதில்ல. ரசம் எனக்கு வரல. நாளைலேர்ந்து அக்கா சொல்லிக் குடுப்பாங்க."

மாமா சிரித்துவிட்டார். ஒன்பது வருஷமாக என் ரசத்தைக் குறையில்லாமல் குடித்த மனுஷர், ஒருநாளும் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. பொறாமை அன்றைக்கே வந்துவிட்டது. இதை எழுதும்போதும் அது போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் குடும்பத்துக்குப் பெரம்பலூரில் பந்தல் வாடகைக் கடை. சாமியானா, நாற்காலி, அண்டா, கல்யாண மேடைக்கு விரிக்கிற பச்சைக் கார்பெட் எல்லாம் துறையூர் ரோட்டுக் குடோனில் இருக்கும். என் வீட்டுக்காரர் மூத்தவர், அவள் வீட்டுக்காரர் இளையவர். சாமான் ஏற்றுகிற குட்டியானையை ஓட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. கற்றுக்கொண்ட இரண்டாம் நாளே பின்னால் எடுக்கப் போய்க் குடோன் தூணில் முட்டினாள். இறங்கி வந்து டிரைவரிடம், "முன்னாடி போறது வந்துருச்சுண்ணே, ரிவர்ஸ்தான் வரல. அத மட்டும் காட்டுங்க" என்றாள். அடுத்த ஒரு வாரம் ரிவர்ஸ் மட்டும்தான். டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் கண்ணாடி டம்ளரோடு திரும்பி நின்று வேடிக்கை பார்த்தார்கள். நானாக இருந்தால் நேராக மட்டும் ஓட்டி, நாலு ரோடு வரை போய் ஊருக்குக் காட்டிவிட்டு வந்திருப்பேன்.

எனக்கென்று அந்த வீட்டில் ஒன்று இருந்தது. ஓட்டம். திருச்சியில் காலேஜ் படித்தபோது ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் ஓடி வாங்கிய கோப்பைகள் இரண்டு, பீரோவின் மேல் இருந்தன. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு காலையில் ஸ்டேடியத்துக்குப் போய் மறுபடி ஓட ஆரம்பித்தேன். வாக்கிங் வருகிற ரிட்டயர்டு சார்கள் வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். "இந்தப் பொண்ணு என்னமா ஓடுது பாருங்க" என்று ஒருவர் சொன்னது காதில் விழ வேண்டும் என்பதற்காகவே, அவர்களைக் கடக்கும்போது மட்டும் கொஞ்சம் வேகமாக ஓடுவேன்.

நாலு ரோட்டுப் பக்கம் ஒரு மாடி ஜிம்மில் காலை ஒரு மணி நேரம் பெண்களுக்கு. அங்கேயும் சேர்ந்தேன். ஆறாம் மாதம் அவளும் பின்னாலேயே வந்து நின்றாள். அந்த மாஸ்டர்தான் சென்னையில் நடக்கிற ஒரு போட்டியைப் பற்றிச் சொன்னார். ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டும், உடனே ஒரு வேலை. மறுபடி ஒரு கிலோமீட்டர், மறுபடி வேறொரு வேலை. இப்படி எட்டு ஓட்டம், எட்டு வேலை. பாரம் ஏற்றிய இரும்புச் சட்டத்தைத் தள்ளுவது, அதையே கயிற்றால் இழுப்பது, மூட்டையைத் தோளில் வைத்து ஒவ்வொரு அடிக்கும் முட்டி போட்டு நடப்பது என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. கடைசி வேலை, குந்தி எழுந்து கனத்த பந்தைச் சுவரில் உயரமான குறிக்கு எறிந்து பிடிப்பது, நூறு தடவை. பாதி ஓட்டம் என்று கேட்டதுமே எனக்குப் பாதி ஜெயித்த மாதிரி இருந்தது.

முதல் வருஷம் இரண்டு பேரும் தனித்தனியாகப் பேர் கொடுத்தோம். சட்டத்தைத் தள்ளிப் பழக ஊரில் வசதி இல்லை. வெல்டிங் பட்டறையில் சொல்லி ஒன்று செய்யச் சொன்னோம். பந்தல் கால்கள் சாயாமல் இருக்க வைக்கிற இரும்புத் தட்டுகளை அதன்மேல் அடுக்கி, குடோனின் வழவழத்த சிமெண்டுத் தரையில் தள்ளினோம். சர்ரென்று போனது. மாஸ்டரே வந்து பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் சென்னைக்காரங்கள ஒரு வழி பண்ணிருவீங்க" என்றார்.

சென்னையில் போய்ப் பார்த்தால் அந்தத் தடத்தில் கார்பெட் விரித்திருந்தது. சட்டம் அசையவில்லை. தோளைக் கொடுத்து முட்டினேன், ஒரு சாண் நகர்ந்து நின்றது. கார்பெட்டையே வாடகைக்கு விட்டுப் பிழைக்கிற வீட்டுக்காரிகள், கார்பெட்டில் ஒரு நாளும் தள்ளிப் பார்க்காமல் வந்திருந்தோம். அழுதுகொண்டே தள்ளி முடித்தேன். ஓட்டத்தில் மிச்சம் பிடித்ததால் அவளுக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் முன்னால் முடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரிடமும் என் ஓட்டத்தைப் பற்றிச் சொன்னேன். கார்பெட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. அவள் மாமியாரிடம் உட்கார்ந்து, "அத்தை, அந்தச் சட்டம் நகரவே மாட்டேன்னுருச்சு. அழுதுட்டேன். பக்கத்துல அக்காவும் அழுதாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். அவளை இரண்டு நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவள் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

அடுத்த வாரமே குடோனில் பச்சைக் கார்பெட் சுருளை உருட்டி விரித்துவிட்டாள். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து, என் மகளும் அவள் மகனும் போகிற பள்ளிக்கூட வேன் கிளம்பியதும் அங்கே போய்விடுவாள். தள்ளுவது, திருப்புவது, தள்ளுவது. "வாங்கக்கா" என்று கூப்பிடுவாள். எனக்கு ஸ்டேடியத்தில் வேலை இருக்கிறது என்று போய்விடுவேன். அங்கே எனக்குத் தெரிந்ததை நான் செய்வேன், பெரிய மனுஷர்கள் பார்ப்பார்கள். இப்படி ஒரு வருஷம் முழுக்க எனக்கு ஏற்கெனவே வருகிற ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன். குந்தி எழுந்து பந்து எறிவது எனக்கு வராது. இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்க வேண்டும், எனக்கு இறங்காது. ஜிம்மில் அந்த முறை வரும்போது தண்ணீர் குடிக்கப் போவேன்.

இந்த நேரத்தில் குன்னத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போன கார்பெட்டில், நடுவே இரண்டு தடம் சொட்டை விழுந்திருப்பதாகப் பெண் வீட்டார் சொன்னார்கள். கேட்டதும் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். நேரே மாமாவிடம் போய், "கார்பெட்ட யாரு தேச்சதுன்னு வேணா கேளுங்க மாமா" என்று ஆரம்பித்து வைத்தேன். அவர் சத்தமாகக் கூப்பிட்டார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"நான்தான் மாமா. தப்புதான். தள்ளிப் பழகுறதுக்கு வேற வழி தெரியல. பழசு ஏதாச்சும் இருந்தா குடுங்க."

மாமா டிரைவரைக் கூப்பிட்டு, ஓரம் கிழிந்த ஒரு சுருளை எடுத்துக் குடோனில் வடக்குச் சுவரை ஒட்டி ஆணி அடித்து நிரந்தரமாக விரிக்கச் சொன்னார். "மழைக்கு நனையாத பக்கமாப் பாத்து அடி" என்று வேறு சொன்னார். நான் மூட்டிவிடப் போய் அவளுக்குச் சொந்தமாக ஒரு தடம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் அரியலூர் ரோட்டில் இரண்டு பேரும் ஓடுவோம். சிமெண்டு லாரிகள் அதிகமாவதற்குள் திரும்பிவிட வேண்டும். ஒரு ஞாயிறு, ஓடி முடித்து ஒரு புளியமரத்தடியில் நின்றபோது கேட்டாள்.

"மத்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா வருதுக்கா. ஓட்டம்தான் வரல. வேலைய முடிச்சிட்டு ஓடுனா காலு கல்லாயிருது. நான் எங்க தப்பு பண்றேன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

எனக்குத் தெரியும். மூன்று மாதமாகவே தெரியும். பாரம் தள்ளிய காலோடு, நேரம் போய்விட்டது என்ற பதற்றத்தில் முதல் அடியிலேயே பாய்வாள். மூச்சு அங்கேயே செத்துவிடும். மீதி முழுக்க இழுத்துக்கொண்டு ஓடுவாள். ஒவ்வொரு வேலை முடிந்ததும் முதல் இருநூறு மீட்டரை வேண்டுமென்றே மெதுவாக ஓடி, மூச்சு திரும்பிய பிறகு கூட்ட வேண்டும். அவ்வளவுதான். ஒரே ஒரு வாக்கியம். ரசத்துக்குப் புளியும் தண்ணீரும் எவ்வளவு என்று சொன்னேன், அது போயிற்று. மாமாவின் சிரிப்பு போயிற்று. அத்தை எப்போதோ அவள் பக்கம். இந்த ஒன்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டால் அந்த வீட்டில் நான் யார்?

"நல்லாத்தான் ஓடுற. பழகப் பழக வரும்" என்றேன்.

"சரிக்கா" என்று ஷூ லேஸை இறுக்கிக் கட்டினாள். நம்பினாள் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாம் வருஷம் சென்னையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிளம்பினோம். சட்டத்தை அவள் தள்ளிய விதத்தைப் பார்த்து நான் என் வேலையை மறந்து நின்றுவிட்டேன். நிற்காமல், திரும்பிப் பார்க்காமல், குடோனில் தள்ளுகிற மாதிரியே போய்க்கொண்டிருந்தாள். என் சட்டம் போன வருஷம் நின்ற அதே இடத்தில்தான் நின்றது. அவள் வெகுதூரம் முன்னால் போய்விட்டாள். இன்றைக்கு என்னை ஜெயித்துவிடுவாள், வீட்டுக்குப் போனதும் எல்லோரும் அவளைச் சுற்றி உட்காருவார்கள் என்று நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிந்தது.

ஆனால் ஒவ்வொரு வேலையை முடித்ததும் அவள் பாய்ந்தாள். பாய்வாள் என்று எனக்குத் தெரியும். ஆறாவது சுற்றில் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் நிற்கவில்லை. அந்தச் சுற்றில் எனக்குக் கால் இலேசாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் பந்து எறிகிற இடத்தில் என் குட்டு வெளிப்பட்டது. பக்கத்தில் நின்று எண்ணிய பெண், நான் முழுசாகக் குந்தாத ஒவ்வொரு தடவையும் கணக்கில் சேர்க்காமல் "நோ ரெப் மேடம்" என்று கையை ஆட்டினாள். நூறுக்கு நூற்றைம்பது எறிந்திருப்பேன். அப்படியும் என் ஓரகத்திக்கு நாலு நிமிஷம் முன்னால் முடித்தேன். கோட்டைத் தாண்டியதும் திரும்பி அவளைத் தேடினேன். கவலையில் தேடினேன் என்று எழுத ஆசைதான், அவள் இன்னும் வரவில்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் தேடினேன்.

மறுநாள் காலை பெரம்பலூர் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தேன். விழுப்புரம் தாண்டியதும் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, நான் உக்காந்திருந்தேன்ல, அப்ப உங்களப் பாத்தேன். மூட்டையத் தூக்குறதுக்கு முன்னாடி சுத்துல, நீங்க ஆரம்பத்துல வேணும்னே மெதுவா ஓடுனீங்க. வளைவு தாண்டித்தான் கூட்டுனீங்க. எனக்கு அப்பதான் புரிஞ்சுது. நான் மொதல்லயே பாஞ்சிர்றேன்."

நான் கடலையைத் தோல் நீக்கிக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்குக் கேட்டேனே, அப்ப ஏன்க்கா சொல்லல?"

"நான் கவனிக்கல."

"சரிக்கா" என்றாள். அதே சரிக்கா. ஜன்னல் பக்கம் சாய்ந்து கையிலிருந்த கடலைத் தோலை வெளியே ஊதிவிட்டாள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சண்டை போட்டு, இரண்டு பேருக்கும் சமமாகியிருக்கும். அவள் திரும்பி, "அடுத்த வருஷம் ஜோடியாப் பேரு குடுக்கலாம்க்கா. சேந்து ஓடணும், வேலைய மட்டும் பிரிச்சிக்கலாமாம். ஓட்டத்துல நீங்க என்னைய இழுத்துட்டுப் போங்க. சட்டமும் பந்தும் நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

பந்து என்றும் சேர்த்துச் சொன்னாள். நான் தண்ணீர் குடிக்கப் போவதையெல்லாம் ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. தன்னுடைய குறையை ஊருக்கே சொல்கிறவள் என் குறையை மட்டும் மூடி வைத்திருந்தாள். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"பாக்கலாம்" என்றேன். எங்கள் வீட்டில் பாக்கலாம் என்றால் கிடையாது என்று அர்த்தம். அவளுக்கும் அது தெரியும். பொட்டலம் தீர்ந்ததும் என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். தொழுதூர் வரை நான் தோளை அசைக்காமல் இருந்தேன்.

அந்த ஐப்பசியில் கொழுந்தனார் அரியலூரில் கடைக்கு ஒரு கிளை போட்டார். குடித்தனமும் அங்கேயே மாறியது. பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் ஆணி பிடுங்கிச் சுருட்டிய கார்பெட்டும் இரும்புச் சட்டமும் குட்டியானையில் ஏறிப் போனபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி ஜிம்மில் நான்தான் முதல். வாராவாரம் போன் செய்தாள். "பேரு குடுக்குறதுக்குக் கடைசித் தேதி வருதுக்கா." முட்டி வலி என்றேன். "டாக்டரப் பாத்தீங்களாக்கா?" பார்த்தேன் என்றேன். "சரிக்கா" என்றாள். அதன் பிறகு போட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. ரசம் எப்படி வைத்தாள், மகன் என்ன மார்க் வாங்கினான் என்று மட்டும் பேசுவாள்.

ஜிம்மில் முதலாக இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. என்னோடு வருகிறவர்கள் எடை குறைக்க வருகிறவர்கள். அவர்களில் ஒருத்தியும் "எங்க தப்பு பண்றேன், சொல்லுங்க" என்று கேட்கவில்லை. நான் மூன்று நாள் போகாவிட்டாலும் ஏன் என்று கேட்க ஆள் இல்லை.

இந்த வருஷம் ஒரு ஞாயிறு மத்தியானம். மறுநாள் முகூர்த்தத்துக்காகக் குடோனில் அண்டாக்களைக் கழுவ வைத்துக்கொண்டிருந்தேன். வீடியோ காலில் அவள். பின்னால் அந்தச் சென்னை மைதானத்தின் விளக்குகளும் இரைச்சலும்.

"அக்கா, ஜோடில மூணாவதா வந்துட்டோம். இவங்கதான் எங்க பக்கத்து வூட்டு டீச்சர். சூப்பரா ஓடுவாங்க."

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி. நெற்றியில் முடி ஒட்டிக் கிடக்க, என் ஓரகத்தியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சிரித்தாள். இத்தனை வருஷம் ஓரகத்தியைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன், அப்படி ஒரு எரிச்சல் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. மெடலுக்காக அல்ல. அந்தக் கை இருந்த இடம் என்னுடையது. என்னைத்தான் அவள் முதலில் கேட்டாள்.

"வாழ்த்துகள் டீச்சர்" என்றேன்.

அவர் போனை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தார். "உங்களப் பத்தித்தான் வழியெல்லாம் பேச்சு. வேலை முடிஞ்சதும் மொத இருநூறு மீட்டர் மெதுவா ஓடணும்னு இவங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானாமே. எனக்கும் அதத்தான் சொன்னாங்க. அதுலதாங்க இன்னிக்கு ஜெயிச்சோம்."

அவர் தோளுக்குப் பின்னால் அவள் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். குடித்துக்கொண்டே போனைப் பார்த்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவளும் காத்திருந்தாள்.

"ஆமாங்க" என்றேன். "ஒரு தடவ சொன்னாப் போதும், புடிச்சிக்குவா."